அந்தரத்தில் ஒரு வாடகை வீடு

வீடு பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து செண்பகவல்லி சென்னையில் எத்தனை மாடிப்படி ஏறி இறங்கினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. வேளச்சேரியில் ஏறினாள், மடிப்பாக்கத்தில் இறங்கினாள், மேடவாக்கத்தில் லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தின் உச்சிவரை மூச்சு வாங்கப் போய், "நேத்தே முடிஞ்சிடுச்சேம்மா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கிடைத்த வீட்டுக்குள் வெயில் வராது, வெயில் வருகிற வீட்டுக்குத் தண்ணீர் வராது, இரண்டும் வருகிற வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு இடம் கிடையாது. எந்த ஊர், அப்பா என்ன பண்றார், அப்பா இல்லையா, அம்மாவும் இல்லையா, நீங்க என்ன ஆளுங்க, கறி மீன் உண்டா, கல்யாணம் ஏன் ஆகலை, யாராவது வந்து போவாங்களா என்று ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்விகள் அதே வரிசையில் வந்தன. கொஞ்ச நாளில் அவள் கேள்வி வருவதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கப் பழகிக்கொண்டாள். எப்படியும் திரும்பத்தானே போகிறோம்.

அவள் வேலை அடுத்தவர்களைப் பேசவைப்பது. தென்சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவளாக எடுத்திருந்தார்கள். பக்கவாதம் வந்து வாய் கோணிப்போனவர்களுக்கும், தொண்டையில் அறுவை செய்தவர்களுக்கும், மூன்று வயது தாண்டியும் அம்மா என்று சொல்லாத பிள்ளைகளுக்கும் முன்னால் உட்கார்ந்து, உதட்டைக் குவித்துக் காட்டி, நாக்கை மடித்துக் காட்டி, ஒரு எழுத்தை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வீட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்வாள். ராத்திரி ஹாஸ்டலில் படுக்கும்போது வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும்.

அம்மா போனது பங்குனியில். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்தவள், மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்த செய்தியைத் தெருவெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டாள். காரியம் முடிந்த கையோடு செண்பகம் வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினாள். அதுவும் வாடகை வீடுதான். யார் யாரோ வந்து கட்டிக்கொண்டு அழுதபோது அவளுக்கு அழுகை வரவில்லை. செய்ய வேண்டியது நிறைய இருந்தது. சென்னையில் ஒரு வீடு அமைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க அழுதுவிடலாம் என்று தள்ளிப்போட்டிருந்தாள். ஹாஸ்டல் அறையில் கட்டிலுக்குக் கட்டில் ஆள். அங்கே அழுதால் நாலு பேர் எழுந்து லைட்டைப் போடுவார்கள். ஆகவே அவள் வீடு தேடினாள் என்பதைவிட அழுவதற்கு ஓர் இடம் தேடினாள் என்பதே சரி.

அப்போதுதான் புரோக்கர் எத்திராஜ் போன் செய்தார்.

"உனுக்குன்னே ஒரு ஏரியா கீதும்மா. தண்ணி நிக்காது. எந்த மழைக்கும் நிக்காது. நான் கேரன்டி."

"எங்கண்ணே?"

"செங்கழுநீர் நகர், மூணாவது குறுக்குத் தெரு. மேல கீது."

"மேலன்னா, மாடியா?"

"இல்லம்மா, தெருவே மேலதான் கீது."

சரி என்றாள் செண்பகம். பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

செங்கழுநீர் நகர் என்ற பெயர் சும்மா வைத்ததல்ல. ஒரு காலத்தில் செங்கழுநீர் பூத்துக் கிடந்த ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்றவர்கள், பூவை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். ஏரி தன் இடத்தை மறக்கவில்லை. மழைக்கு மழை வந்து பார்த்துவிட்டுப் போகும். சில வருஷங்களுக்கு முன் கார்த்திகையில், விடாமல் பெய்த மழையின் முடிவில், மேலே ஏதோ ஒரு நீர்த்தேக்கத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்ட காலைப் பொழுதில், முதல் குறுக்குத் தெருவில் இடுப்பளவும் இரண்டாம் குறுக்குத் தெருவில் கழுத்தளவும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் குறுக்குத் தெரு எழுந்துகொண்டது. வீடுகளோடும் தென்னை மரங்களோடும், டிரான்ஸ்ஃபார்மரோடும் அதன் அடியில் அசைபோட்டுக்கொண்டிருந்த பசுவோடும், வாசலில் நிறுத்திய பைக்குகளோடும், பைக் சீட்டில் படுத்திருந்த பூனையோடும், ஒரு தட்டைத் தூக்குகிறாற்போல யாரோ தூக்க, சோற்றுப் பானை சாயாமல் அந்தத் தெரு மேலே போய் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே நின்றது. தண்ணீர் அடியில் ஓடியது. பிறகு தண்ணீர் வடிந்தது. தெரு இறங்கவில்லை.

முதலில் ஏணி வைத்து இறங்கினார்கள். பிறகு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு தெருமுனையில் சரிவுப் பாதை ஒன்று கட்டினார்கள்; அதில் ஆட்டோ ஏறும், குப்பை வண்டி ஏறாது. தொங்கிய சாக்கடைக் குழாய்க்கு முட்டுக் கொடுத்தார்கள். மாநகராட்சியிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, தரைத்தள வீடுகளை இனி முதல் தளம் என்று எழுதுவதா என்பதைப் பற்றி வெகுநேரம் வாதாடி, கடைசியில் 'மேடான பகுதி' என்று குறித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் லாரிக்காரர் குழாய் எட்டவில்லை என்று சண்டை பிடித்தார். பிறகு நீளமான குழாய் வாங்கிக்கொண்டார். ஆடி மாதம் அம்மன் ஊர்வலம் சரிவில் ஏறியபோது, மேலே வந்ததும் அம்மன் கனமே தெரியவில்லை என்று தூக்கியவர்கள் சொன்னார்கள். ஆத்தாளுக்கு இந்தத் தெரு பிடித்துவிட்டது என்று பேச்சானது. அடியில் விழுந்த நிழலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். இஸ்திரி ரத்தினம் தன் வண்டியை அங்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்; வெயிலுக்கும் மழைக்கும் இதைவிடக் கூரை ஏது? வாடகை ஏறியது. ஒரு வருஷம் போனதும் அண்ணாந்து பார்ப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுமே என்றானது.

செண்பகமும் அண்ணாந்து பார்த்தாள். தெருவின் அடிவயிறு ஈரமாக, வேர்கள் தொங்க, மதிய வெயிலில் அசையாமல் நின்றது. அவளுக்குத் தோன்றியதெல்லாம், ஏறுவதற்கு இன்னும் ஒரு மேடு என்பதுதான்.

சரிவில் அவள் ஏறி முடித்ததும் தெரு லேசாக முனகியது. தெருமுனையில், தரையில் ஊன்றிய மின்கம்பம் ஒன்று தெருவை ஒட்டி உயர்ந்து நின்றது. அதில் நீலப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். தெருவின் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். கம்பத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தணிகாசலம், குடியிருப்போர் சங்கச் செயலாளர், எழுந்து குனிந்து பார்த்தார்.

"நாலு விரக்கடை இறங்கிடுச்சே. என்னம்மா கொண்டுவந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்லை சார். பர்ஸும் தண்ணி பாட்டிலும்தான்."

கூட ஏறி வந்த எத்திராஜ் அவசரமாக, "மதுரை அந்தாண்டேர்ந்து வந்துகீது சார், டயர்டா கீது," என்றார்.

தணிகாசலம் கெட்ட மனிதர் அல்ல. பொறுமையாகவே விளக்கினார். "இந்தத் தெருவுக்குன்னு சில பழக்கம் இருக்கும்மா. இரும்பு பீரோ வேண்டாம், கிரைண்டர் சின்னதா இருக்கட்டும். ஆனா சாமான் கனம் பெரிசில்லை. மனுஷன் கனம்தான் தெருவை இறக்குது. சண்டை போட்டா அன்னைக்கே பேசி முடிச்சிடுவோம். யாருக்காவது ரொம்ப முடியலைன்னா கீழ சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க, மத்ததெல்லாம் அங்கயே ஆகட்டும்னு. அழறதுன்னா கீழ இறங்கிடணும். ரத்தினம் வண்டிக்குப் பக்கத்துல ஒரு கல் கிடக்குது, அங்க உக்காந்து அழுதுட்டு முகத்தைக் கழுவிட்டு ஏறி வந்துடலாம். எல்லாரும் அப்படித்தான்."

வீட்டுக்குள் அழக் கூடாது என்று சொல்லும் முதல் வீட்டுக்காரர்களை அன்றுதான் பார்த்தாள். சிரிப்புகூட வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை. திரும்பிப் போகலாம் என்று பையைத் தோளில் மாட்டியபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அறுபது தாண்டிய ஓர் அம்மாள், நெற்றி முழுக்கக் குங்குமம், எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை. மரகதம் என்று பெயர். அவள்தான் வீட்டுக்காரி.

"என்ன வேலை பாக்கறேம்மா?"

"பேச்சுப் பயிற்சி. பேச முடியாதவங்களைப் பேசவைக்கிறது."

மரகதம் வாசல்படியில் அப்படியே நின்றாள். வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்கவில்லை. "தணிகாசலம், இந்தப் பொண்ணு இருக்கட்டும்," என்றாள். "உள்ள வா. வந்து ஒரு வாய் காபி குடி."

உள்ளே, ஜன்னலோரக் கட்டிலில் மரகதத்தின் கணவர் ஏகாம்பரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவர். ஊரார் பேச்சையெல்லாம் கம்பியில் இணைத்துக் கொடுத்தவருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. செண்பகத்தைப் பார்த்து இடது கையைத் தூக்கினார். அவள் முதல் தடவையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்தாள்.

பின்கட்டில் ஓர் அறையும் சின்னச் சமையலறையும் அவளுக்கு. இரண்டு பெட்டியோடு வந்து இறங்கிய அன்று தெரு இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அங்கே யாரும் எதற்கும் முகம் சுளிப்பதில்லை. அதுதான் அவளுக்குப் பழகக் கடினமாக இருந்தது. அந்தத் தெருவின் மனிதர்கள் பஞ்சு மிட்டாய் மாதிரி இருந்தார்கள். எதைச் சொன்னாலும் "பரவாயில்லை, பாத்துக்கலாம்" என்றார்கள், வேலை போனவன் பரவாயில்லை என்றான், பெண் கொடுத்த இடம் சரியில்லாதவள் பரவாயில்லை என்றாள், பேசும்போதே பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். வீடுகளில் செத்துப்போனவர்களின் படம் மாட்டுவதில்லை. மரகதத்தின் கூடத்தில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. இன்னொன்றையும் செண்பகம் கவனித்தாள்: மரகதம் அந்தச் சரிவில் இறங்குவதே இல்லை. காய்கறி, மருந்து, கோயில் பிரசாதம் எல்லாம் மேலேயே வந்துவிடும். கேட்டால், "முட்டி வலிம்மா," என்பாள்.

மரகதத்தை அம்மா என்று கூப்பிட செண்பகத்துக்கு வாய் வரவில்லை. ஆன்ட்டி என்றாள்.

ஒரு சனிக்கிழமை, விதிப்படியே நடந்துகொள்வோம் என்று அழுவதற்காகக் கீழே இறங்கினாள். கல்லில் ஏற்கெனவே ஒரு பேங்க்காரர் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரிப் பெண் போனைப் பார்த்தபடி காத்திருந்தாள். இஸ்திரி ரத்தினம் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே, "சித்த இரும்மா, சார் இப்ப முடிச்சிருவார்," என்று ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். செண்பகம் நின்றாள். தன் முறை வந்தபோது உட்கார்ந்தாள். தலைக்கு மேலே தெருவின் அடியில் ஒரு வேர் ஆடியது. துணியிலிருந்து எழுந்த சூட்டு வாசனையை முகர்ந்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வராத அழுகையோடு எழுந்து மேலே போனாள். அன்று விளிம்பு கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இருந்தது.

தணிகாசலம் மறுநாள் வந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. கீழ பையன்களுக்குத் தலை தட்டுது. மழைக்காலம் வேற வருது. ஐப்பசிக்குள்ள வேற இடம் பாத்துக்கிட்டீங்கன்னா..." கையைக் கூப்பினார். செண்பகம் சரி என்றாள். மறுபடி படிக்கட்டுகள், மறுபடி அதே கேள்விகள். அதை நினைத்தபோதே தெரு இன்னும் ஒரு விரல் இறங்கியிருக்கும்.

போவதற்குள் ஏகாம்பரத்தை ஓர் எழுத்தாவது சொல்லவைத்துவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முகம் கழுவியதும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்துவிடுவாள். யாருக்கும் அவள் தொடங்குவது உதட்டு எழுத்துகளில்தான். உதட்டை மூடித் திறந்தால் போதும். "ப" என்பாள். அவர் விரல்களை எடுத்துத் தன் உதட்டருகே வைத்து, மூச்சு படக் காட்டுவாள். "பா." அவர் முகமெல்லாம் கோணும், கண்ணில் நீர் முட்டும், மூச்சு மட்டும் வரும். "பரவாயில்லை சார்" என்று சொல்ல வந்து, அந்தத் தெருவின் சொல்லைத் தானும் சொல்வானேன் என்று விட்டுவிட்டு, "மறுபடி," என்பாள். ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி கழிந்தது. ஒரு நாள் "பா" வந்தது. கரகரவென்று, பூட்டிக் கிடந்த கதவு திறக்கிற மாதிரி. மரகதம் அன்று கேசரி கிண்டினாள். அடுத்த வாரம் "மா" வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, மரகதம் கூடத்தில் காலை நீட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செண்பகம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ரெண்டையும் சேத்துச் சொல்லுவோம் சார். முதல்ல பா. அப்புறம் மா," என்றாள்.

"பா," என்றார்.

"ம்."

"மா."

"சேத்து."

ஏகாம்பரம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெருமுனையைப் பார்த்தார்.

"பாமா," என்றார்.

மரகதத்தின் கை கீரையில் நின்றது. அடுப்படியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசின. குடத்துத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தளும்பியது. தெரு தன் கனத்தை உணர்ந்து ஒரு தரம் குலுங்கியது.

"அவரை என்ன சொல்லவெச்சே?" என்றாள் மரகதம். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"எழுத்துதான் ஆன்ட்டி... பாவும் மாவும்..."

"பாமா," என்றார் ஏகாம்பரம் மறுபடியும், இப்போது தெளிவாக, கூப்பிடுகிறாற்போல.

"எங்க பொண்ணும்மா," என்றாள் மரகதம். "ஒரே பொண்ணு."

அந்த மழைக் காலையில், இரண்டாம் குறுக்குத் தெருவில் நிறைமாதமாக இருந்த தன் சிநேகிதி கனகாவை மேட்டுக்கு அழைத்து வருகிறேன் என்று பாமா முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனாள். போய்க் கனகாவைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏற்றிவிட்டாள். அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று திரும்பி வரும்போது தெரு எழுந்துகொண்டது. கீழே கழுத்தளவு தண்ணீரில் நின்று அண்ணாந்து பார்த்தவளை எல்லோரும் பார்த்தார்கள். புடவைகளை முடிந்து கீழே விட்டார்கள், அது எட்டுவதற்குள் தண்ணீர் அவளை இழுத்துப் போயிற்று. மரகதம் மண்ணில் விழுந்து அலறியபோது தெரு இறங்கத் தொடங்கியது. தண்ணீர் விளிம்பைத் தொட்டது. அப்போதுதான் தெரு முழுக்க வந்து அவளைச் சுற்றி நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, அக்கா, அழாதீங்கக்கா, தெரு இறங்குது, குழந்தை குட்டி இருக்குக்கா என்று மன்றாடினார்கள். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தெரு மேலே போயிற்று. பிறகு தண்ணீர் வடிந்த பின்னும் அந்தப் பெயரை யாரும் அங்கே சொல்லவில்லை. கீழே போய்க் கல்லில் உட்கார்ந்து அழலாம்தான். ஆனால் மகள் போன இடத்துக்கு மேலே கால் வைத்து அவளால் நடக்க முடியவில்லை.

இதையெல்லாம் மரகதம் கீரையைப் பார்த்தபடி சொன்னாள். சொல்லச் சொல்ல ஜன்னலில் தெரிந்த அடுத்த தெருத் தென்னைகளும் முனைக் கம்பமும் மேலே ஏறிப் போயின. வெளியே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. தணிகாசலம் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

"அக்கா, கையெடுத்துக் கும்பிடறேன். மெதுவாக்கா. தெரு..."

"அன்னைக்கும் இப்படித்தான் கும்பிட்டீங்க தம்பி," என்றாள் மரகதம்.

தணிகாசலத்தின் கைகள் கூப்பியபடியே நின்றுவிட்டன. பிறகு அவர் செண்பகத்தின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. சாரை நிறுத்தச் சொல்லுங்க. நீங்க இங்கயே இருந்துக்கலாம், எத்தனை வருஷம் வேணா இருந்துக்கலாம். நான் சங்கத்துல பேசறேன்."

செண்பகம் கண்ணாடியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். எத்தனை வாசல்களில் எத்தனை பேருக்கு அவர்கள் கேட்க விரும்பிய பதிலைச் சொல்லியிருப்பாள். இப்போதும் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். தலைக்கு மேலே கூரை நிலைத்துவிடும். கால் வலித்தது. முதுகு வலித்தது. கண்ணாடியை நிமிர்த்தி ஏகாம்பரத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சார்," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"பாமா."

மரகதம் அழுதாள். முந்தானையை எடுக்கவில்லை, முகத்தை மூடவில்லை, கீரை ஆய்ந்த கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, பெற்ற வயிற்றைச் சொல்லி, போட்ட பெயரைச் சொல்லி, பாமா விரும்பித் தின்ற பண்டத்தைச் சொல்லி, அவள் வாங்கி வைத்து ஒரு தரம்கூடக் கட்டாமல் போன பட்டுப் புடவையின் நிறத்தைச் சொல்லி அழுதாள். வாசலில் நின்றவர்களில் ஒருத்தி, பாமாவோடு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவள், சுவரில் சாய்ந்து சரிந்தாள். அவளைத் தாங்கப் போனவர் தாங்காமல் உட்கார்ந்தார். தணிகாசலம் தெருமுனைக்கு நடந்து போய் நீலக் கோட்டை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு, மூடி வைத்ததெல்லாம் திறந்துகொண்டது. போன வருஷம் கீழே கொண்டுபோய்ச் சாகவிட்ட மாமியாருக்கு ஒருத்தி அழுதாள். பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தவன் பரவாயில்லையா என்று கத்தினான். கீழே ரத்தினம், "எறங்குது, எறங்குது! டேய் பசங்களா, வெளிய ஓடுங்கடா! கொஞ்சம் மெதுவா அழுங்கய்யா, வண்டியைத் தள்ளிக்கிறேன்!" என்று கூவியபடி கரிப் பெட்டியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

செண்பகம் மரகதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, கீரைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மீதிக் கீரையை ஆயத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் இலை தெரியவில்லை. அம்மா அடுக்களைத் தரையில் இப்படித்தான் உட்காருவாள் என்று நினைத்தாளோ என்னவோ, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் மாதிரி, "எங்கம்மா பங்குனியில செத்துப்போச்சு," என்று சத்தமாகச் சொன்னாள். மரகதம் ஒரு கையால் அவள் தலையை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருவரும் அவரவர் அழுகையை அழுதார்கள். ஏகாம்பரம் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் தெரு தரையைத் தொட்டது. பெரிய அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு கண்ணாடி உடையவில்லை. பசு எழுந்து நின்று, மறுபடி படுத்தது. இரண்டாம் குறுக்குத் தெருவிலிருந்து ஒரு பெண் நேராக நடந்து வந்தாள். சரிவில் ஒரு நாளும் கால் வைக்காதவள். இப்போது சரிவே இல்லை. கனகா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்தவள் மரகதத்தின் காலடியில் உட்கார்ந்தாள். மரகதம் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவை சாதாரணமானவை. சிலர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். மேலே இருப்பதற்கென்று வாடகை கொடுத்தவர்கள் அவர்கள், குறை சொல்ல முடியாது. மனை விலை விழுந்துவிட்டதென்று சிலர் செண்பகத்தோடு பேசுவதை நிறுத்தினார்கள். தெருவை மறுபடி உயர்த்தித் தரக் கோரி ஒருவர் மாநகராட்சிக்கு மனு போட்டார். தணிகாசலம் ஐப்பசியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இரும்பு பீரோக்கள் வந்து இறங்கின.

எத்திராஜ் போன் செய்தார். "அம்பத்தூர்ல ஒண்ணு கீதும்மா. நல்ல மேடு. எந்தக் கேள்வியும் கேக்க மாட்டாங்க. ஓனர் வெளிநாட்டுல கீறாரு."

"வேண்டாம்ணே. இங்கயே இருக்கேன்."

"அங்க இனிமே தண்ணி நிக்கும்மா."

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா?"

"சார் இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கார்," என்று மட்டும் சொன்னாள். மனதில் இருந்ததைச் சொல்லத் தெரியவில்லை, விளக்கவும் அலுப்பாக இருந்தது. அன்று சாயங்காலம் மறுபடி அவர் எதிரில் கண்ணாடியோடு உட்கார்ந்தாள். 'பாமா'வைத் தவிர வேறு சொல் இன்னும் வரவில்லை.

மழை அந்த வருஷம் முன்னதாகவே வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்த பின், ஒரு காலையில் தெருமுனையிலிருந்து பழுப்பாக ஒரு நாக்கு உள்ளே நீண்டது. ஜனங்கள் வாசலுக்கு வந்து, காலடியில் தண்ணீர் தொட நின்று, தெரு எழுமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். எழவில்லை. ஒருவரும் ஒருவரையும் குற்றம் சொல்லாமல் உள்ளே போய், அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினார்கள். கேஸ் சிலிண்டரைக் கட்டிப்போட்டார்கள். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். செண்பகம் கட்டில் கால்களுக்கடியில் செங்கல் கொடுத்து, ஏகாம்பரத்தைத் தலையணைகளோடு மேலே உட்காரவைத்தாள். ஜன்னல் வழியாகத் தெரு முழுவதும் அவருக்குத் தெரிந்தது.

இரண்டாம் குறுக்குத் தெரு இன்னும் பள்ளம். கனகாவின் மாமியாரால் நடக்க முடியாது. "கிழவி ஒத்தையில கெடப்பாளே, கனகா என்ன பண்ணுவா," என்று சொல்லிக்கொண்டே மரகதம் புடவையைத் தூக்கிச் செருகினாள். "நான் போறேன் ஆன்ட்டி, நீங்க இருங்க," என்று செண்பகம் கையிலிருந்த மெத்தையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்புவதற்குள், முட்டி வலிக்காரி முழங்கால் தண்ணீரில் இறங்கி, மதில்களைப் பிடித்துப் பிடித்து, தெருமுனை திரும்பி மறைந்துவிட்டாள்.

தண்ணீர் ஏறியது. முனையில் யாரும் தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து வந்து மதிலில் முட்டிச் சுழன்றது. ஏகாம்பரம் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டார். உதடு மூடியது, திறந்தது, மூடியது. கழுத்து நரம்பெல்லாம் எழும்பின. செண்பகம் மெத்தையோடு அப்படியே நின்றாள். கண்ணாடியை எடுக்கத் தோன்றவில்லை, எழுத்தை எடுத்துக் கொடுக்கவும் தோன்றவில்லை.

"மரகதம்!"

தெரு முழுக்கக் கேட்டது. பரணில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது.

"மரகதம்!"

முனைக்கு அப்பாலிருந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, "வரேங்க!" என்று ஒரு குரல் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு கனகா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் கிழவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தொடையளவு தண்ணீரில், தெருமுனையில் திரும்பினார்கள். அவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவைக்கும் வரேன், வரேன், இதோ வந்துட்டேன் என்று பதில் சொல்லியபடி, தண்ணீரைக் காலால் தள்ளித் தள்ளி, மரகதம் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள்.